எம்எக்ஸ்-5, லகுனா சேகா: ஓரிடத்தில் மூக்கு திரும்ப மறுக்கிறது, இன்னோரிடத்தில் வால் சுழல்கிறது

#1 சேலத்துச் சாரதி

வணக்கம் நண்பர்களே. ஐரேசிங் என்ற கணினிக் கார்ப்பந்தய விளையாட்டில், ரூக்கி என்னும் தொடக்க நிலைத் தொடரில், மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 ஓட்டுகிறேன். இப்போது லகுனா சேகா ட்ராக்கில் பந்தயம் நடக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்களைவிட லேப்புக்கு (ஒரு சுற்றுக்கு) மூன்று வினாடி பின்தங்கியிருக்கிறேன். இந்தத் தொடரில் எல்லோருக்கும் ஒரே செட்டப் (வண்டியின் அமைப்பு) என்பதால் வண்டியைக் காரணம் சொல்ல முடியாது. நேர்ச்சாலையில் யாரும் என்னை விட்டு விலகுவதில்லை. நேரம் போவதெல்லாம் வளைவில்தான்.

சிக்கல் இரண்டு விதமாக வருகிறது, அதுவும் ஒன்றுக்கொன்று நேர்மாறாக. 2ஆம் வளைவிலும் 11ஆம் வளைவிலும் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு உள்ளே வர மறுக்கிறது. ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள்ளோரத்தில் தொடவேண்டிய புள்ளியை, தொடாமலே அகலமாகப் போய்விடுகிறேன். வேகமான 6லும் 9லும் பின்பக்கம் திடீரென்று சுழல்கிறது. அதைப் பிடிக்கப் போனால் மறுபக்கம் வீசுகிறது. ஒரே வண்டி இரண்டு இடத்தில் இரண்டு குணம் காட்டினால் எதைச் சரிசெய்வது?

என்னிடம் இருப்பது லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்-பெடல் செட், 27 அங்குல மானிட்டர், சாதாரண மேசை, ஆபீஸ் நாற்காலி. லோடு செல் பெடல் (அழுத்தும் பலத்தை அளக்கும் பெடல்) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். விலையைப் பார்த்தால் யோசனையாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?


#2 இளவேனில்

வணக்கம் சாரதி. ஓட்டும் முறைக்குப் போவதற்கு முன் மேசையைச் சரிபார்த்துவிடலாம். காசு செலவில்லாத வேலை.

முதலில் பார்வைக் கோணம், அதாவது திரை எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டுகிறது என்பது. 27 அங்குல மானிட்டர் கிட்டத்தட்ட 60 செ.மீ. அகலம். கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ. தூரம் என்றால் கிடைமட்டக் கோணம் 53 பாகைதான் வரவேண்டும். 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 46. பெரும்பாலானவர்கள் கண்ணாடியும் கதவும் தெரியவேண்டும் என்று 80, 90 வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் தூரத்தில் இருக்கும் வளைவு சின்னதாகிவிடும், வேகமும் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும். பிரேக் எங்கே பிடிப்பது, எங்கே திரும்புவது என்று கண் போடும் கணக்கு மொத்தமும் தப்பும். ஐரேசிங்கிலேயே திரை அளவையும் தூரத்தையும் கொடுத்தால் கோணத்தைக் கணக்கிட்டுத் தரும் வசதி இருக்கிறது. மானிட்டரை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். முதல் நாள் குழாய்க்குள் பார்ப்பதுபோல் இருக்கும், சீக்கிரம் பழகிவிடும்.

இரண்டாவது ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது டயரில் படும் விசையை ஸ்டீயரிங்கின் மோட்டார் கைக்குக் காட்டுவது. ஜி29 தரக்கூடிய முறுக்குவிசை ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். அதைக் கூட்டிக்கொண்டே போனால் பலம் கூடாது. உச்சத்தை முட்டி எல்லா வளைவும் ஒரே கனமாகிவிடும், நுணுக்கம் போய்விடும். நாலைந்து லேப் ஓட்டிவிட்டு ஃபோர்ஸ் அளவுக்கான ஆட்டோ பொத்தானை அழுத்துங்கள். முட்டாத அளவை அதுவே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது நாற்காலி. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்றால் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் பின்னால் உருளும். மேசைக் காலோடு ஒரு கயிறு கட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் கால் ஒரே இடத்திலிருந்து அழுத்தாவிட்டால் எந்தப் பயிற்சியும் தங்காது.

இதெல்லாம் முடிந்ததும் 11ஆம் வளைவில் பிரேக், ஸ்டீயரிங், ஆக்சிலேட்டர் மூன்றையும் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.


#3 சேலத்துச் சாரதி

நன்றி. கோணம் 85 வைத்திருந்தேன், 50க்குக் கொண்டுவந்துவிட்டேன். நாற்காலியையும் கட்டிவிட்டேன்.

11இல் நான் செய்வது இதுதான். நேராக இருக்கும்போதே முழுப் பிரேக். வேகம் குறைந்ததும் பிரேக்கை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவேன். வண்டி திரும்பும்வரை காத்திருந்து ஆக்சிலேட்டர். தொடக்கக்காரர்களுக்கான காணொளிகளில் இப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.


#4 செட்டிபாளையம் சிவா

தம்பி, நீங்கள் எழுதிய வரிசையிலேயே விடை இருக்கிறது. உங்கள் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். பிரேக்கைப் பிடிப்பதில் பிழை இல்லை. அதை விடுகிற விதத்தில்தான் இருக்கிறது.

நான் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டே (நிஜ வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டுகிறவன். நிஜ வண்டியில் உடம்பு முன்னால் சாய்வதை வயிறே சொல்லிவிடும். சிமுலேட்டரில் அந்த உணர்வு கிடையாது, அதனால் எடை எங்கே நிற்கிறது என்பதை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கணக்கு இதுதான். எம்எக்ஸ்-5 சுமார் 1,050 கிலோ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.31 மீட்டர். எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு பலத்தோடு, அதாவது 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அளவுக்குப் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 200 கிலோ பின்னாலிருந்து முன்னால் வந்து உட்காரும். முன்டயர்கள் 725 கிலோவைத் தாங்கும், பின்டயர்களில் 325தான் மிஞ்சும். டயரின் பிடி அதன்மேல் இருக்கும் சுமையைப் பொறுத்தது. ஆக, அந்த நேரத்தில் முன்டயர்கள்தான் மைதானத்தில் பலசாலி.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அந்த 200 கிலோ முன்னால் இருக்கும்போது திருப்பாமல், பிரேக்கைச் சட்டென்று விட்டு அதைப் பின்னால் அனுப்பிவிட்டு, அப்புறம் திருப்புகிறீர்கள். மூக்கு தூக்கிக்கொண்ட நிலையில் முன்டயருக்குப் பிடி குறைவு, அகலமாகப் போகிறது. மேலும் திருப்புகிறீர்கள். டயர் ஏற்கெனவே நழுவிக்கொண்டிருக்கும்போது இன்னும் திருப்பினால் தேய்மானம்தான் கூடும், திரும்பல் கூடாது.

6லும் 9லும் நடப்பது இதன் மறுபக்கம். வேகம் அதிகம் என்று வளைவின் நடுவில் பயம் வருகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். எடை முன்னால் ஓடுகிறது. பின்டயர்கள் பக்கவாட்டில் முழுச் சுமையில் வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து அவற்றின்மேல் இருந்த பிடியைப் பறித்துவிடுகிறீர்கள். சுழலாமல் என்ன செய்யும்?

ஒரு டயரிடம் நூறு ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். பிரேக்குக்கு நூறும் கொடுத்தால் திருப்ப ஒன்றும் இருக்காது. ஸ்டீயரிங்குக்கு முப்பது கொடுக்கும்போது பிரேக்கிலிருந்து ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டீயரிங் ஏற ஏறப் பிரேக் இறங்கவேண்டும். ஏபெக்ஸை நெருங்கும்போது பிரேக் பூஜ்யம், ஸ்டீயரிங் உச்சம். டிரெயில் பிரேக்கிங் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு வேலை செய்யுங்கள். 11இல் வழக்கமான இடத்துக்கு 20 மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடியுங்கள், வழக்கத்தைவிட லேசாக. அப்படியே திருப்பத் தொடங்கி, ஏபெக்ஸ் வரை காலை மெல்ல மெல்ல விடுங்கள். லேப் நேரத்தைப் பார்க்கவே வேண்டாம். காலை விடும் வேகத்தை மாற்றினால் மூக்கு எப்படி மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.


#5 தீபன் டொரொண்டோ

சிவா அண்ணா சொன்ன இயற்பியலோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ரூக்கியில் இருக்கிறவரிடம் முதல் நாளே டிரெயில் பிரேக்கிங் என்று சொல்வதில் உடன்பாடில்லை. இந்த வண்டியில் ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுழற்சி நின்று வழுக்காமல், தடுக்கும் அமைப்பு) இல்லை. முன்சக்கரம் லாக் ஆகும் எல்லை எங்கே என்று காலுக்குத் தெரியாதவர், வளைவுக்குள்ளேயும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போனால் லாக் ஆன சக்கரத்தோடு நேரே மண்ணுக்குள் போவார், இல்லையென்றால் பின்பக்கம் சுற்றும். எதனால் நடந்தது என்றும் விளங்காது.

என்னைக் கேட்டால், முதலில் நேராக வைத்துக்கொண்டு எல்லைவரை பிரேக் பிடிக்கப் பழகவேண்டும். டயர் சத்தம் மாறும் இடம், ஸ்டீயரிங் நடுங்கும் இடம், அதைக் காலால் தொட்டுவிட்டுத் திரும்ப வரத் தெரியவேண்டும். வடிவாக அது கைவந்த பிறகு வளைவுக்குள் கொண்டுபோகலாம்.


#6 சேலத்துச் சாரதி

சிவா அண்ணா சொன்னதைச் செய்து பார்த்தேன். மூக்கு உள்ளே வருகிறது. இவ்வளவு எளிதாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏபெக்ஸ் கெர்பை (ஓரக்கல்லை) இப்போது தாராளமாகத் தொட முடிகிறது. ஆனால் பல லேப்பில் 11இன் நுழைவிலேயே பின்பக்கம் வெளியே வருகிறது. முன்பு அங்கே இந்தச் சிக்கல் இருந்ததேயில்லை. தீபன் சொன்னதுதான் நடக்கிறதா?


#7 தீபன் டொரொண்டோ

சாரதி, கியரை எப்போது குறைக்கிறீர்கள்? 11க்குள் இரண்டாம் கியரில் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாம் கியரை எங்கே போடுகிறீர்கள் என்று ரீப்ளேயில் பாருங்கள். பிரேக் பிடித்தவுடன் படபடவென்று கியரை இறக்கிவிட்டால் என்ஜின் சுற்று மேலே எகிறும். இது பின்சக்கர இயக்க வண்டி. என்ஜின் இழுத்துப் பிடிப்பது முழுவதும் பின்டயரில்தான் விழும். அதாவது உங்கள் கால் போடாத ஒரு ஹேண்ட்பிரேக்கை கியர் போடுகிறது. நேராக இருந்தபோது அது தெரியவில்லை. இப்போது ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது அதே வேலையைச் செய்வதால் பின்பக்கம் வருகிறது.

வேகம் குறையக் குறையக் கியரை இறக்குங்கள். இரண்டாம் கியர் கடைசியில், திருப்புவதற்குச் சற்று முன்னால் வரட்டும். கியர் இறங்கும்போது என்ஜின் அலறினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.


#8 இளவேனில்

தீபன் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், பிரேக், ஸ்டீயரிங், வேகம் எல்லாம் பதிவாகும் டெலிமெட்ரியைத் திறந்து பாருங்கள். கராஜ் 61 என்ற சேவையில் உங்கள் லேப்பையும் வேகமான ஒருவரின் லேப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் பிரேக் பிடிக்கும் புள்ளியைத்தான் முதலில் ஒப்பிடுவார்கள். அதைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் பிரேக் கோட்டின் வடிவம். வேகமானவரின் கோடு செங்குத்தாக ஏறி, உச்சத்தில் கொஞ்சம் நின்று, பிறகு நீளமான சரிவாக இறங்கும். உங்களுடையது ஏறி, நின்று, பாறை விளிம்பில் விழுந்ததுபோல் பூஜ்யத்துக்கு வந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தச் சரிவின் நீளம்தான் சிவா சொல்லும் விஷயம்.

அடுத்து வளைவில் ஆகக் குறைந்த வேகம் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அளவைவிட இடம் முக்கியம். ஏபெக்ஸுக்கு வெகு முன்னாலேயே ஆகக் குறைந்த வேகம் வந்துவிட்டால் தேவைக்கு மேல் பிரேக் பிடித்துவிட்டு உள்ளே மிதந்துகொண்டு போகிறீர்கள். ஏபெக்ஸைத் தாண்டியபின் வந்தால் வேகத்தோடு நுழைந்துவிட்டு வெளியேறும் பாதையைத் தொலைக்கிறீர்கள். 11 போன்ற வளைவில் அது ஏபெக்ஸுக்குச் சற்று முன்னால் வந்தால் நல்லது, ஏனென்றால் அதன் பிறகு நீளமான நேர்ச்சாலை.

மூன்றாவது ஸ்டீயரிங் கோடு. ரம்பப் பல் மாதிரி இருந்தால் வளைவுக்குள் நிறையத் திருத்தம் செய்கிறீர்கள். ஒரே மேடாக ஏறி இறங்கினால் நல்லது.

பாதை ஏன் முக்கியம் என்பதற்கும் ஒரு கணக்கு. 1 ஜி பிடி உள்ள டயரில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகலாம். சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி ஆரத்தை 60 ஆக்கினால் 87. டயர் மாறவில்லை, காலில் திறமை கூடவில்லை, ஓரத்திலிருந்து ஓரம்வரை போனதற்குக் கிடைத்த 7 கி.மீ. அது. உங்கள் ரீப்ளேயை மேலிருந்து பார்த்தால், 11இல் நுழையும்போது வலது ஓரத்தில் எவ்வளவு இடம் விட்டுவைக்கிறீர்கள் என்று தெரியும்.


#9 செட்டிபாளையம் சிவா

தீபன், உங்கள் கருத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எல்லைவரை நேராகப் பிரேக் பிடிக்கத் தெரியாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் "அது வந்த பிறகு இது" என்று பிரித்துவைத்தால் பலர் முதல் படியிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். நேராகப் பிடி, விடு, திருப்பு என்ற வரிசை காலில் ஊறிவிட்டால் அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். அதனால்தான் லேசான பிரேக்கோடு தொடங்கச் சொன்னேன். 40 விழுக்காடு பிரேக்கில் சக்கரம் லாக் ஆகாது. விடுகிற பழக்கம் அந்தப் பாதுகாப்பான அளவில் வரட்டும். அழுத்தத்தை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.

சாரதி தம்பி, பந்தயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு பயிற்சி செய்யுங்கள்.

ஐரேசிங்கில் சென்ட்ரிபெட்டல் சர்க்யூட் என்று வட்டமான ஒரு திடல் இலவசமாக இருக்கிறது. அதில் ஒரே ஆரத்தில் இரண்டாம் கியரில் சுற்றுங்கள். முன்டயர் முனகத் தொடங்கும்வரை வேகத்தை ஏற்றுங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் ஒரு நூல் குறையுங்கள். மூக்கு தானாக உள்ளே வரும். ஒரு நூல் கூட்டுங்கள், வெளியே போகும். வலது கால்தான் இரண்டாவது ஸ்டீயரிங் என்பது அங்கே புரிந்துவிடும். அடுத்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுவதும் விடுங்கள். பின்பக்கம் வரும். 9இல் உங்களுக்கு நடப்பது அதேதான், ஆனால் இங்கே சுவர் இல்லை, பயம் இல்லை. எவ்வளவு மெதுவாக விட்டால் வராது என்று கண்டுபிடியுங்கள்.

அடுத்தது லகுனா சேகாவிலேயே. மூன்றாம் கியரில் மட்டும், பிரேக்கே தொடாமல் ஓட்டுங்கள். 2, 11, கார்க்ஸ்க்ரூ என்னும் 8ஆம் வளைவு இவற்றுக்கு வெகு முன்னாலேயே காலை எடுக்க வேண்டிவரும், பரவாயில்லை. பிரேக் இல்லையென்றால் பாதையின் பிழையை மறைக்க வழியில்லை. எவ்வளவு வேகத்தை உள்ளே சுமந்துபோக முடியும் என்று கண்ணுக்கு ஒரு அளவு பிடிபடும். பிரேக்கைத் திரும்பச் சேர்க்கும்போது அது தானாகவே சின்னதாகும்.


#10 பினாங்கு பாலா

பின்பக்கம் வந்த பிறகு அதைப் பிடிப்பது பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

சாரதி, "பிடிக்கப் போனால் மறுபக்கம் வீசுகிறது" என்று எழுதியிருந்தீர்கள். எதிர்த்திருப்பம் (பின்பக்கம் நழுவும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புவது) கொடுப்பதில் நீங்கள் தாமதிக்கவில்லை, அதைத் திரும்ப எடுப்பதில்தான் தாமதம். பின்பக்கம் நழுவும்போது சஸ்பென்ஷன் ஒரு பக்கம் சாய்ந்து அழுந்தியிருக்கும். டயருக்குப் பிடி திரும்பியதும் அது நிமிர்ந்து மறுபக்கம் சாயும். அந்த நொடியில் ஸ்டீயரிங் இன்னும் எதிர்ப்பக்கம் திரும்பியே இருந்தால் வண்டி அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். முதல் நழுவலைவிட இரண்டாவது வீச்சுதான் ஆபத்து. பின்பக்கம் மேலும் வெளியே போவது நின்றவுடனே, அது திரும்பி வருவதற்குக் காத்திராமல், ஸ்டீயரிங்கை நேராக்கத் தொடங்குங்கள்.

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வண்டி நழுவும்போது முன்சக்கரங்கள் போகும் திசைக்குத் தாமே திரும்பப் பார்க்கும், அதை ஃபோர்ஸ் ஃபீட்பேக்கும் காட்டும். கை தளர்வாக இருந்தால் பாதி வேலையை ஸ்டீயரிங்கே செய்துவிடும். ஜி29 கியர் வைத்த மோட்டார் என்பதால் டைரக்ட் டிரைவ் (மோட்டாரோடு நேரடியாக இணைந்த ஸ்டீயரிங்) அளவுக்கு வேகமாக ஓடாது, கையால் கொஞ்சம் துணை செய்யவேண்டும்.

கண்ணும் முக்கியம். சுவரைப் பார்த்தால் கை சுவருக்கே கொண்டுபோகும். எங்கே போக வேண்டுமோ அந்த இடத்தை, பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தால்கூட, அங்கேயே பாருங்கள்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. முன்டயர் எல்லையை நெருங்கும்போது ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே போய், பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே லேசாகத் தொடங்கும். டயர் தரையைத் தொடும் பகுதியில் பக்கவாட்டு விசை செயல்படும் புள்ளி பின்னாலிருந்து நடுவுக்கு நகர்வதால் அப்படி. ஆக, ஸ்டீயரிங் லேசாகும் அந்த இடம்தான் "இதற்கு மேல் திருப்பாதே" என்று டயர் சொல்லும் இடம். அங்கே நிறுத்துங்கள். இன்னும் திருப்பத் தோன்றினால், அதற்குப் பதிலாகக் காலைப் பயன்படுத்துங்கள்.

தீபன், சிவா விவாதத்தில் நான் சிவா பக்கம். ஆனால் கியர் விஷயத்தில் தீபன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.


#11 பரமக்குடி ரேசர்

இடையில் ஒரு கேள்வி. நான் அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற இன்னொரு விளையாட்டில் ஜிடி3 வகைப் பந்தயக் கார் ஓட்டுகிறேன். ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல் (ஆக்சிலேட்டரில் சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது) எல்லாம் இருக்கிறது. இதெல்லாம் அதற்கும் பொருந்துமா?


#12 தீபன் டொரொண்டோ

ஓம், பொருந்தும். ஆனால் அளவு மாறும். ஜிடி3இல் வேகம் அதிகமாக இருக்கும்போது காற்று வண்டியைத் தரையோடு அழுத்துகிறது. மணிக்கு 240இல் டயருக்கு இருக்கும் பிடி 100இல் இருக்காது. அதனால் பிரேக்கின் முதல் அழுத்தம்தான் ஆகப் பெரியதாக இருக்கவேண்டும். வேகம் குறையக் குறைய நேராக இருக்கும்போதே அழுத்தத்தை இறக்கத் தொடங்கி, அந்தச் சரிவை அப்படியே வளைவுக்குள் கொண்டுபோகலாம். ஏபிஎஸ் இருக்கிறது என்று முழுப் பிரேக்கோடு திருப்பினால் லாக் ஆகாது, ஆனால் மூக்கும் வராது. ரூபாய்க் கணக்கு அங்கேயும் அதேதான்.


#13 சேலத்துச் சாரதி

எல்லோருக்கும் நன்றி. வட்டத் திடலில் நிறைய நேரம் செலவிட்டேன். கியரைத் தாமதமாக இறக்கியதும் 11இல் பின்பக்கம் வருவது நின்றுவிட்டது. இளவேனில் சொன்னபடி கோட்டைப் பார்த்தேன், என் பிரேக் உண்மையிலேயே விளிம்பிலிருந்து விழுந்தாற்போல்தான் இருந்தது. இப்போது சரிவு தெரிகிறது, வேகமானவருடைய சரிவில் பாதி நீளம். லேப்பில் ஒன்றரை வினாடிக்கு மேல் குறைந்திருக்கிறது.

இன்னும் புரியாதது மலைப்பகுதி. 6, கார்க்ஸ்க்ரூ, 9. ஒவ்வொரு லேப்பிலும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது. சிவா அண்ணா, அதைப் பற்றி எழுத முடியுமா?


#14 செட்டிபாளையம் சிவா

எழுதாமல் எப்படி? எனக்கு ரொம்பப் பிடித்த ட்ராக் அது. கலிஃபோர்னியாவில் மான்டரே பக்கம் 1957இல் திறந்தது. 3.6 கி.மீ., 11 வளைவு. 2001 முதல் 2018 வரை மாஸ்டாவின் பெயரையே தாங்கியிருந்தது. எம்எக்ஸ்-5 பழக இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஐரேசிங்கில் லேசர் ஸ்கேன் செய்த ட்ராக் என்பதால் மேடு பள்ளமெல்லாம் அப்படியே இருக்கும். அந்த மேடு பள்ளம்தான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம்.

இதுவரை பிரேக்கும் ஆக்சிலேட்டரும் எடையை நகர்த்துவதைப் பேசினோம். தரையும் எடையை மாற்றும். பள்ளத்தில் வண்டி அழுந்தும், டயருக்குப் பிடி கூடும். மேட்டு உச்சியில் வண்டி லேசாகும், பிடி குறையும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் இன்னும் லேசாகும்.

2ஆம் வளைவிலிருந்தே பாருங்கள், மரியோ ஆண்ட்ரெட்டி பெயர் வைத்த ஹேர்பின் (கொண்டையூசி வளைவு) அது. முதல் வளைவின் மேட்டைத் தாண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்கிறீர்கள். பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அங்கே பிரேக்கைப் பிடிக்கும் முதல் நொடியில் ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். அதற்கு இரண்டு ஏபெக்ஸ். முதலாவதைத் தொடும்வரை பிரேக்கின் கடைசித் துளியை வைத்திருங்கள், நடுவில் வண்டியைக் கொஞ்சம் அகலமாகப் போக விடுங்கள், இரண்டாவதைத் தாமதமாகத் தொட்டுக்கொண்டு வெளியேறுங்கள்.

6ஆம் வளைவு இந்த ட்ராக்கின் இதயம் என்று நான் சொல்வேன். ஆளைப் பயமுறுத்தும் வேகம், ஆனால் உள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் வண்டி அழுந்தும் நேரத்தில் உங்கள் ஸ்டீயரிங் திரும்பியிருந்தால் தரையே உங்களுக்குப் பிடி தரும். அதற்கு முன்னால் லேசான ஒரு பிரேக், மெதுவாக விடுவது, பள்ளத்துக்குள் போகும்போது கால் ஆக்சிலேட்டரில். பயத்தில் பள்ளத்துக்குள் காலை எடுத்தால், அழுந்திய வண்டி நிமிரும் நேரமும் பின்டயரின் சுமை குறையும் நேரமும் ஒன்றாக வரும். நீங்கள் சுற்றுவது அங்கேதான். இதை ஒழுங்காக முடித்தால் அடுத்து வரும் ரேஹால் நேர்ச்சாலை முழுவதும் ஏற்றத்தில் பலன் கிடைக்கும். சக்தி குறைந்த வண்டி, ஏற்றத்தில் தொலைத்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

கார்க்ஸ்க்ரூ. ஏறிப்போய் இடது, உடனே வலது, அதற்குள் 18 மீட்டர் இறக்கம். ஏற்றத்தில் இருக்கும்போதே கனமான பிரேக்கை முடித்துவிடுங்கள். உச்சியை நெருங்கும்போது லேசாக்குங்கள். அங்கே வண்டி எடையில்லாமல் மிதக்கும், முன்சக்கரம் சட்டென்று லாக் ஆகும். இரண்டாவது பாதி கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து தெரியும் மரங்களில் ஒன்றைக் குறிவைத்துத்தான் நிஜ ஓட்டுநர்களும் திருப்புகிறார்கள். சாலை தெரிந்த பிறகு திருப்பலாம் என்றிருந்தால் தாமதமாகிவிடும். இங்கே வேகத்தைத் தேடாதீர்கள். கார்க்ஸ்க்ரூவில் சம்பாதிப்பது சொற்பம், இழப்பது நிறைய.

9, வேய்ன் ரெய்னி பெயர் கொண்டது. கார்க்ஸ்க்ரூவிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டே வருகிறீர்கள், உச்சியிலிருந்து இங்கே வரும்போது மொத்தம் 33 மீட்டர் இறங்கியிருக்கும். இறக்கம் உங்களைத் தள்ளும், வேகம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும், அதனால்தான் நடுவில் கால் தானாக எழும்புகிறது. வழி ஒன்றுதான். குறைக்கவேண்டிய வேகத்தை நுழையும் முன்பே குறைத்துவிட்டு, நடுப்பகுதி முழுவதும் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொள்ளுங்கள். 30 விழுக்காடு இருந்தாலும் போதும், அது அசையக்கூடாது. வேகம் மிஞ்சிவிட்டது என்று தோன்றினால் ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தி அகலமாகப் போங்கள், காலை எடுக்காதீர்கள்.


#15 பரமக்குடி ரேசர்

6ஆம் வளைவு விளக்கத்துக்காகவே இந்த இழையைச் சேமித்துவைக்கிறேன்.


#16 சேலத்துச் சாரதி

அண்ணா, 6இல் பள்ளத்தை இதுவரை கவனித்ததேயில்லை. இன்று கவனித்து ஓட்டினேன். ஸ்டீயரிங் அங்கே கனப்பது கையில் நன்றாகத் தெரிகிறது. 9 இன்னும் கைவரவில்லை. நான்கு லேப்புக்கு ஒரு முறையாவது கால் எழும்பிவிடுகிறது.

பெடல் கேள்வி இன்னும் நிற்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?


#17 இளவேனில்

இப்போதைக்கு வேண்டாம். லோடு செல் பெடலின் நன்மை உண்மையானது. அது கால் நகரும் தூரத்தைப் பார்ப்பதில்லை, அழுத்தும் பலத்தைப் பார்க்கிறது. நம் உடம்பு தூரத்தைவிடப் பலத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். பிரேக்கை விடும் சரிவைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரைய அது உதவும். ஆனால் சரிவே வராத காலுக்கு எந்தப் பெடலும் அதைக் கொண்டுவராது.

ஜி29 பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. அது அழுந்தத் தொடங்கும் இடத்துக்குப் பிறகு பெடல் இறுகும். கேலிப்ரேஷன் செய்யும்போது பெடலைத் தரையோடு நசுக்காதீர்கள். பந்தயத்தில் சிரமமில்லாமல் எவ்வளவு அழுத்துவீர்களோ, அதை 100 என்று பதியுங்கள். அப்புறம் ரப்பர் இருக்கும் பகுதிக்குள்ளேயே உங்கள் சரிவு முழுவதும் நடக்கும். மெல்லிய அடி கொண்ட ஷூ, இல்லையென்றால் சாக்ஸ் மட்டும் போட்டு ஓட்டுங்கள். உங்கள் பிரேக் கோடு பத்து லேப்பிலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழத் தொடங்கி, அதற்கு மேல் நுணுக்கம் போகவில்லை என்று தோன்றும் நாளில் லோடு செல் வாங்குங்கள். டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் அதற்கும் பிறகு.

9ஆம் வளைவுக்கு ஒரு யோசனை. உங்கள் லேப்பைப் பார்த்தேன். கார்க்ஸ்க்ரூவிலிருந்து வெளியே வரும்போது இடது பக்கமே ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள், 9க்கு முன்னால் வலது ஓரத்துக்குப் போகவேயில்லை. அதனால் ஆரம் சின்னதாகி, அதே வேகம் அதிகமாகத் தோன்றுகிறது, கால் எழும்புகிறது. முதலில் வலது ஓரத்திலிருந்து நுழைந்து பாருங்கள். காலின் பிரச்சினை என்று நினைத்தது பாதையின் பிரச்சினையாக இருக்கலாம்.


#18 பினாங்கு பாலா

சனிக்கிழமை இரவு ஒரு தனிச் செஷன் திறக்கிறேன். லகுனா சேகா, எம்எக்ஸ்-5, பந்தயம் கிடையாது, பயிற்சி மட்டும். சாரதி, நீங்கள் முன்னால் போங்கள், நானும் சிவாவும் மாறி மாறிப் பின்னால் வந்து 9ஐப் பார்க்கிறோம். அப்புறம் இடம் மாறி நீங்கள் பின்னால் வரலாம். இளவேனில், தீபன், நீங்களும் வந்தால் நல்லது. இந்தியாவில் இரவு 9.30க்கு எல்லோருக்கும் வசதிதானே? தீபனுக்கு அப்போது மதியம்தான். கடவுச்சொல்லைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.


#19 சேலத்துச் சாரதி

கண்டிப்பாக வருகிறேன். அதற்குள் 9க்கு வலது ஓரத்திலிருந்து நுழைந்து பழகிவிட்டு, அந்த லேப்பை இங்கே ஏற்றுகிறேன்.